கறுப்பு அழுக்கா, வேலையா?

போன மாதம் தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து தேநீர் குடித்துக்கொண்டு நின்றபோது பவித்ரா என்ற பெண் என்னைப் பிடித்துக்கொண்டாள். திருச்சிப் பிள்ளை. இங்கே ஒஸ்லோவில் ஒரு ஆய்வுகூடத்தில் உலோகங்களைப் பரிசோதிக்கும் வேலை. அம்மருட்டில் வாடகைக்கு இருக்கிறாள். நான் நகைப் பட்டறையில் இருந்து ஓய்வுபெற்றவள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். கடையில் விலை பார்க்கும் கருவி மாதிரி, பிடி வைத்த ஒரு சாமான். அதை நகையோடு சேர்த்துப் பிடித்து விசையை அழுத்தினால் தங்கம் எவ்வளவு, செம்பு எவ்வளவு, வெள்ளி எவ்வளவு என்று திரையில் வந்துவிடுமாம். நகையில் ஒரு கீறல்கூட விழாதாம்.

“இது வர்றதுக்கு முன்னாடி எப்படி ஆன்ட்டி கண்டுபிடிச்சீங்க?”

“கண்டுபிடிக்கேல்லைப் பிள்ளை,” என்றேன்.

தன்னடக்கம் என்று நினைத்துச் சிரித்தாள். “அதெல்லாம் எழுதி வைங்க ஆன்ட்டி, எங்களுக்கு யூஸ் ஆகும்,” என்றாள். நான் சொன்னது தன்னடக்கம் அல்ல, முழு உண்மை. ஒரே வேலையை நெடுங்காலம் செய்தவருக்கு அதில் எல்லாம் தெளிந்திருக்கும் என்று சனம் நினைக்கிறது. எனக்கு நேர்மாறு. பட்டறைக்குள் போகும்போது மிகத் தெளிவாக இருந்தேன். குழம்பிப்போய்த்தான் வெளியே வந்தேன். அந்தக் குழப்பம் யாருக்காவது பயன்படுமென்றால் எழுதலாம்தான்.

நான் பிலோமினா. மன்னாரில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வாழ்க்கைப்பட்டு, நோர்வேயின் வடக்கே மீன் வெட்டி, பிறகு குடும்பத்தோடு ஒஸ்லோவுக்கு வந்து வெஸ்ட்லியில் குடியேறியவள். நொஸ்க் என்கிற நோர்வே மொழி வகுப்பு முடிந்ததும் வேலைவாய்ப்பு அலுவலகம் என்னை ஒரு நகைப் பட்டறைக்கு அனுப்பியது. நகரத்தில் ஒரு பழைய கட்டடத்தின் பின்முற்றத்தில் அது இருந்தது. மீன் வெட்டிய கை என்றதும் அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. கத்தியைப் பயமில்லாமல் பிடிப்பாளாம். முதலில் பொதி கட்டினேன், பிறகு கழுவினேன், பிறகு பற்றவைக்கப் பழகினேன், பிறகு எனாமல் பழகினேன். கண்ணாடித் தூளை அரைத்து, நனைத்து, வெள்ளிக் கம்பிகளுக்கிடையே பஞ்சுபோல் வைத்து, உலையில் உருக்கி எடுப்பது. பழகிய காலத்தைப் பற்றி இதற்குமேல் சொல்ல எதுவுமில்லை. நிறையச் சுட்டுக்கொண்டேன்.

பட்டறையின் பொறுப்பாளர் இங்கெர் என்ற பெண். நெட்டை, கழுத்தில் கயிற்றில் தொங்கும் கண்ணாடி, வெட்டிய நகங்கள். பழுது பார்க்க எது வந்தாலும் அதை யன்னலோரத்து மேசையில் சாம்பல் நிறக் கம்பளித் துணியின்மேல் வைப்பார். பிறகு கோப்பி ஊற்றிக்கொண்டு முன்னால் உட்காருவார். கோப்பி முடியும்வரை அதை யாரும் தொடக்கூடாது, வாயும் திறக்கக்கூடாது. கோப்பையைக் கீழே வைத்த பிறகு ஒரே ஒரு கேள்வி வரும். “என்ன உடைந்திருக்கிறது?” யார் செய்தது, எந்தக் காலம், என்ன விலை என்றெல்லாம் கேட்க மாட்டார். “வடிவாயிருக்கு” என்று நான் சொன்னால் அது காதிலேயே விழாது.

அவரிடம் இன்னொரு பழக்கம். ‘யா’ என்று ஆமோதிக்கும்போது மூச்சை வெளியே விடாமல் உள்ளே இழுத்துக்கொண்டு சொல்வார். வடக்கே மீன் பட்டறையில் இயந்திரச் சத்தத்தில் யார் எப்படி மூச்சு விட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. இந்த மனுசிக்குத் தொய்வு, மூச்சு முட்டுகிறது என்றே முடிவு கட்டி, அவர் ‘யா’ சொல்லும்போதெல்லாம் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். அவரும் நன்றி சொல்லிக் குடித்தார். நோர்வேயில் பாதிச் சனம் அப்படித்தான் ஆமோதிக்கும் என்று எனக்குத் தெரியவந்தபோது அவர் நிறையத் தண்ணீர் குடித்துவிட்டிருந்தார். அந்த ‘யா’ எப்போது ஓம், எப்போது கேட்கிறேன், எப்போது போதும் நிறுத்து என்பது கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை.

ஆனால் அவரது சட்டங்களில் குழப்பமே இருக்காது. பழுது எதுவோ அதை உள்ளபடி உடைமைக்காரருக்குச் சொல்லவேண்டும். அவருக்குத் தெரியாமல் கை வைக்கக்கூடாது. கூட்டியும் சொல்லக்கூடாது, குறைத்தும் சொல்லக்கூடாது. “ஆறுதல் சொல்வது நம் வேலை இல்லை,” என்பார்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு வெள்ளித் தட்டம் வந்தது. வலது மூலையில் பூத்த ஒரு கிளை, அதில் ஒரு குருவி. மற்ற இடமெல்லாம் வெறும் வெள்ளி. கோப்பி முடிந்தது. என்ன உடைந்திருக்கிறது என்று கேட்டார்.

“உடையவில்லை. வேலை முடியவில்லை. செய்தவர் பாதியில் செத்துப்போனாரா?” என்று கேட்டேன்.

இங்கெர் கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் பகிடிக்குக் கேட்கவில்லை. நான் வளர்ந்த இடத்தில் அட்டியலில் கடுகளவு இடம் மிஞ்சினாலும் அங்கே ஒரு கல் வைப்பார்கள். ஒரு பக்கம் பூ என்றால் மறுபக்கமும் பூ. ஒரு மூலையில் கிளையைப் போட்டுவிட்டு மிச்சத்தைச் சும்மா விட்டால், எங்கள் பெண்கள் பத்தரிடமே திருப்பிக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள்.

அன்றுதான் அவர் எனக்கு யப்பானைப் பற்றிச் சொன்னார். ஒரு காலத்தில் யப்பான் தன் துறைமுகங்களை மேற்கு நாட்டுக் கப்பல்களுக்குத் திறந்துவிட, விசிறி, அரக்குப் பெட்டி, வாள் உறுப்பு, அச்சுப்படம் என்று அங்கிருந்து சாமான்கள் ஐரோப்பாவுக்கு வந்து குவிந்தன. பாரிஸிலும் லண்டனிலும் சனத்துக்கு அதில் பைத்தியம் பிடித்தது. நகை செய்கிறவர்கள், வெள்ளி அடிக்கிறவர்கள், கண்ணாடி ஊதுகிறவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துச் செய்யத் தொடங்கினார்கள். மூங்கிலே வளராத நோர்வேயில் மூங்கில் போட்ட கரண்டி வந்தது. தும்பி, கொக்கு, அலை, ஐரிஸ் பூ வந்தன. எல்லாவற்றையும் ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டு மிச்சத்தை வெறுமையாக விடும் பழக்கமும் கூடவே வந்தது.

சரி, விளங்கிவிட்டது என்று நினைத்தேன். மூலையில் பூ இருந்தால் யப்பான், நடுவில் இருந்தால் நோர்வே. சில நாளில் தலைசீப்பு ஒன்று வந்தது. கொம்பில் செய்தது, ஓரத்தில் எனாமல் தும்பி. யப்பான் என்றேன். கீலைக் கழற்றினால் உள்ளே நோர்வேப் பட்டறையின் முத்திரை. அடுத்ததாக வந்த தேநீர்ப் பாத்திரத்தை நோர்வே என்று அடித்துச் சொன்னேன். அது யப்பானில் செய்து கப்பலேறி வந்தது. இங்கெர் பொறுமையாக விளக்கினார். யப்பானில் வாள் கட்டக்கூடாது என்று சட்டம் வர, வாளுக்கு அலங்காரம் செய்த கைவினைஞர்களுக்கு வேலை போய்விட்டது. அவர்கள் ஐரோப்பியருக்கு எது பிடிக்கும் என்று யோசித்து உடுப்பில் குத்தும் புரோச்சும் பொத்தானும் செய்து அனுப்பினார்கள். ஐரோப்பியர் அதைப் பார்த்து, யப்பான்காரர் எப்படிச் செய்வார் என்று யோசித்துச் செய்தார்கள். இரண்டு பக்கமும் மற்றவரைப் போல் செய்துகொண்டிருந்தால் நடுவில் நிற்கிறவள் எதைச் சொல்வது? அன்றோடு ஊர் பேர் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

இனி யசிந்தா அக்காவின் கதைக்கு வருகிறேன். நான் ஓய்வுபெறச் சில வருடங்களுக்கு முன் நடந்தது. யசிந்தா அக்கா எங்கள் பங்கில் எல்லோருக்கும் தெரிந்தவர். லோறென்ஸ்கூக்கில் வீடு, முதியோர் இல்லச் சமையலறையில் வேலை. மூத்த மகள் மெலனி ஏரிக் என்ற நோர்வேப் பெடியனை விரும்பினாள். சொந்தக்காரர் முகம் சுளித்தார்கள். யசிந்தா அக்கா ஒவ்வொருவராய்ப் பிடித்து, “பெரித்தை நீங்கள் பாக்கேல்லை, அவ எனக்குக் கூடப்பிறந்த சகோதரி மாதிரி,” என்று சொல்லிச் சொல்லியே கலியாணத்தை ஒப்பேற்றினார். பெரித் ஏரிக்கின் தாய், கணவரை இழந்தவர்.

கலியாணத்துக்கு முந்திய வாரம் அக்கா வேலை உடுப்போடேயே பட்டறைக்கு வந்தார். கைப்பையில் இருந்து முகம் துடைக்கும் லேஞ்சி ஒன்றை எடுத்து விரித்தார். உள்ளே ஒரு புரோச். உள்ளங்கைக்குள் அடங்கும் நீள்சதுரம், மூலைகள் மழுக்கியது. கீழே இடது மூலையில் தங்கத்தில் நாலைந்து புல். மேலே வெள்ளியில் ஒரு நிலாத் துண்டு. வேறொன்றும் இல்லை. நிலம் முழுக்கச் செம்புத் தகடு, புதுச் சட்டி மாதிரிச் சிவப்பு. புல்லின் அடியிலும் நிலாவின் ஓரத்திலும் மட்டும் கொஞ்சம் கறுப்பு.

“பிலோ, இதை முதல் இருந்த மாதிரி ஆக்கித் தா. கலியாணத்துக்கு முதல் வேணும்.”

“முதல் எப்பிடி இருந்தது அக்கா?”

“கறுப்பா. நல்லாக் கறுத்துப்போய்க் கிடந்தது. பெரித் தந்தவ. அவவுக்கு அவவின்ரை மாமி குடுத்ததாம். சீலைக்கு நிறம் பாக்கட்டும் எண்டு முன்கூட்டியே தந்தவ. பாவம், எத்தினை வருசமாக் கழுவாமல் வைச்சிருந்தவையோ எண்டு நினைச்சன். கலியாணத்துக்கு நகையெல்லாம் கழுவேக்கை இதையும் பழப்புளிக்கை ஊறவைச்சு, உப்பும் போட்டு, பிரஷ்ஷாலை உரஞ்சினனான். வடிவாச் சிவந்து வந்தது. எனக்கெண்டால் நல்ல சந்தோசம். மெலனி வந்து பாத்திட்டுக் கத்தினாப் பிறகுதான் தெரிஞ்சுது.”

“என்ன கத்தினவள்?”

“அது அழுக்கில்லையாம். அதுதான் வேலையாம். அந்தக் கறுப்பு இரவாம், பிலோ. நான் இரவைக் கழுவிப்போட்டனாம்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. அவர் அழுதுவிடுவார் போலிருந்தது.

“என்ன நினைப்பா அவ எங்களைப் பற்றி? ஒரு சாமானைப் பாத்து வைச்சிருக்கத் தெரியாத சனம் எண்டுதானே நினைப்பா? நான் எல்லாரோடையும் சண்டை பிடிச்சுத்தான் இந்தக் கலியாணத்தைச் செய்யிறன். அவவுக்குத் தெரியாமல் செய்து தா. உன்னைக் கும்பிட்டுக் கேக்கிறன்.”

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. செம்பு கறுத்தால் புளி போடுவோம். அது எங்கள் கைக்குத் தானாகவே தெரியும். நோர்வேச் சனத்திடமும் வேண்டுமென்றே கறுப்பாக்கிய வெள்ளி உண்டு. தேசிய உடுப்புக்குக் குத்தும் நகைகள் அவை. மே மாதம் தேசிய நாள் வந்தால் அதை மினுக்கிக் கெடுத்துவிட்டு ஓடிவரும் நோர்வேப் பெண்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் இங்கெருக்குத் தெரியாமல் எதுவும் செய்ய முடியாது. அவருக்குத் தெரிந்தால் உடைமைக்காரருக்குத் தெரியவேண்டும்.

புரோச் சாம்பல் துணிக்குப் போயிற்று. இங்கெர் கோப்பி ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தார். அக்காவுக்கும் ஒரு கோப்பை கொடுத்தார். யாரும் எதுவும் பேசாததைப் பார்த்து அக்கா, “என்ன பிலோ, செபம் சொல்லுறாவோ?” என்று என் காதுக்குள் கேட்டார். கோப்பி முடிந்தது. வழக்கமான கேள்விக்குப் பதிலாக இங்கெர் அன்று வேறு கேட்டார்.

“கறுப்பு அழுக்கா, வேலையா?”

நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். புல்லின் அடியில், பிரஷ் மயிர் எட்டாத இடுக்குகளில், கறுப்பு மிச்சமிருந்தது. அழுக்கு என்றால் மேடும் பள்ளமுமாக, தூசியும் மயிரும் ஒட்டி இருக்கும். இது தோல் மாதிரி ஒரே சீராக, அறாமல் ஓடியது. அடியில் இன்னொரு கறுப்போ, பழைய உரஞ்சலின் கீறலோ கிடையாது. இடுக்கெல்லாம் செய்தவர் விட்டபடியே இருந்தது. அதைத் தொட்ட முதல் பிரஷ் யசிந்தா அக்காவுடையதுதான்.

“வேலை. ஒரே வேலை. இதற்கு முன் யாரும் தொடவில்லை,” என்றேன். இங்கெரும் பார்த்தார். மூச்சை உள்ளே இழுத்தார். இது உண்மையான ‘யா’ என்று அந்தத் தடவை எனக்குச் சந்தேகமில்லை.

“இது யாருடையது?” என்று அடுத்துக் கேட்டார். பெரித் தந்துவிட்டார், ஆகவே மெலனியுடையது. இங்கெர் மெலனியைக் கூப்பிடச் சொன்னார். அவள் வேலை முடிந்து ரயில் பிடித்து வந்தாள். தாயை அங்கே கண்டதும் கோபம் ஏறியது.

“அம்மா, ஒளிச்சுச் செய்யிறதோ? அவ என்ரை ஸ்விகர்மூர். நான் அவவின்ரை முகத்தைப் பாக்க வேண்டாமே?”

“உன்ரை மாமியாரோடை உனக்குப் பிரச்சினை வரக்கூடாது எண்டுதான் நான் ஓடித் திரியிறன்.”

“திருத்தலாம். ஆனா நீங்கள் அவவுக்குச் சொல்ல வேணும். கலியாணத்துக்கு முதல்.”

“பிறகு சொல்லுறன் பிள்ளை.”

“முதல், அம்மா.”

ஒரு சொல்லும் விளங்காமல் இங்கெர் இரண்டாவது கோப்பி ஊற்றிக்கொண்டார். முடிவு தாயின் கண்ணீரிலும் மகளின் பிடிவாதத்திலுமாக ஒருவாறு வந்தது. சொல்வது, ஆனால் திருத்திய பிறகு சொல்வது.

எப்படித் திருத்துவது என்பதுதான் அடுத்த வில்லங்கம். கந்தகக் கரைசல் பூசினால் செம்பு கறுக்கும். ஆனால் வெள்ளி நிலாவும் சேர்ந்து கறுத்துவிடும். கறுப்பு அரக்குப் பூசலாம். அது ஏமாற்று என்று இங்கெர் மறுத்துவிட்டார். மிஞ்சியது யப்பான் முறை. அவர்கள் செம்பில் சிறிது தங்கம் கலந்து உருக்குவார்கள். அதைச் செம்புக் களிம்பும் மயில்துத்தமும் கரைத்த நீரில் கொதிக்கவைத்தால் கருநீலக் கறுப்பு தானாக வரும். தங்கமும் வெள்ளியும் நிறம் மாறாது. தங்கம் கலக்காத வெறும் செம்பை அதே நீரில் போட்டால் மண்ணிறம்தான் வரும். நாங்கள் குடத்தில் இருந்து புளி போட்டுச் சுரண்டி எறியும் களிம்பை அவர்கள் கொதிக்கவைத்து நிறமாக்குகிறார்கள் என்று கேட்டபோது எனக்குத் தலை சுற்றியது.

“ஒன்று தெரிந்துகொள்,” என்று இங்கெர் மெலனியிடம் சொன்னார். “இதைக் கொதிக்க வைத்தால் கறுப்பு வருமா என்று மட்டும் தெரியவராது. இது யப்பானில் செய்ததா, அதைப் பார்த்து இங்கே யாரோ செய்ததா என்பதும் அநேகமாகத் தெரிந்துவிடும். அவர்கள் வீட்டில் இதைப்பற்றி ஏதாவது கதை இருக்கிறதா?”

இருந்தது. ஏரிக்கின் பூட்டன் கப்பல் மாலுமி. யப்பானில் இருந்து மனைவிக்கு இதை வாங்கிவந்தாராம். பின்பக்கத்து ஊசி மட்டும் நோர்வே வேலை, அது பார்த்தாலே தெரிந்தது. மெலனி கொஞ்சம் யோசித்தாள். மண்ணிறம் வந்தால் அவள் புகப்போகும் வீட்டின் கதை பொய்யாகிவிடும். அதையும் அவள் தாயின் புளிதான் செய்ததாக ஆகும்.

“செய்யுங்கோ,” என்றாள்.

அந்த முறைக்கு முள்ளங்கிச் சாறும் வேண்டுமாம். முள்ளங்கியை நான்தான் தமிழ்க்கடையில் வாங்கிவந்தேன். இங்கெருக்கு அதில் ஒரே மகிழ்ச்சி, கடையில் கிடைத்ததே என்று. புரோச்சில் இருந்து ஊசியைக் கழற்றினோம். தகட்டைச் சோடாத்தூளால் எண்ணெய்ப்பசை போகத் தேய்த்துக் கழுவினோம். அதன்பிறகு விரல் படவே கூடாது, பட்டால் அந்த இடத்தில் நிறம் பிடிக்காது. செம்புக் கம்பியில் கூடு பின்னி அதில் வைத்தேன். முள்ளங்கியைத் துருவி, அந்தச் சாற்றுக்குள் தகட்டைத் தோய்த்து, உலர விடாமல் அப்படியே கொதிக்கும் நீருக்குள் இறக்கினோம். ஏன் முள்ளங்கி என்று கேட்டேன். அதைப் போட்டால் நிறம் திட்டுத்திட்டாக வராது, காரணம் தனக்குச் சரியாகத் தெரியாது என்றார். கூட்டை ஆட்டிக்கொண்டே இருக்கவேண்டும். மெலனி ஒரு பக்கம், யசிந்தா அக்கா ஒரு பக்கம் நின்று நீருக்குள் எட்டிப் பார்த்தார்கள். அக்கா உண்மையிலேயே செபம் சொன்னார்.

முதலில் சிவப்பு மங்கியது. பிறகு மண்ணிறமானது. அக்கா என் கையைப் பிடித்தார். வெளியே எடுத்து, கழுவி, மறுபடியும் முள்ளங்கிச் சாறு, மறுபடியும் கொதி. மண்ணிறம் கடும் மண்ணிறமாகி, அதற்குள் எங்கேயோ ஊதா வந்தது. கறுப்புக்கு வரப்போகிறது என்று நான் நினைத்த நேரம் அது நின்றுவிட்டது. அதற்குமேல் எவ்வளவு கொதிக்க விட்டும் நகரவில்லை. தூக்கி யன்னலோரம் பிடித்தால் கத்தரிக்காய் நிறம். நல்ல, மினுமினுத்த, கறிக் கத்தரிக்காய். இடுக்குகளில் பழைய கறுப்பு அப்படியே. நிலா மட்டும் வெள்ளையாய் நின்றது.

“இதுக்கென்ன அர்த்தம்?” என்றார் அக்கா.

இங்கெர் நெடுநேரம் பார்த்தார். தங்கம் கொஞ்சமாகக் கலந்த யப்பான் வேலையாக இருக்கலாம். ஐரோப்பியருக்கு என்று மலிவாகச் செய்தது. அல்லது யப்பான் முறையை நன்றாகக் கற்றுக்கொண்ட ஒரு ஐரோப்பியரின் வேலையாக இருக்கலாம். அல்லது புளியும் உப்பும் மேற்பரப்பை ஏதோ செய்துவிட்டிருக்கலாம். ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, “எனக்குத் தெரியாது,” என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் அதற்குமுன் கேட்டதில்லை. மறுபடி உரஞ்சி மறுபடி கொதிக்கவைத்தால் தகடு தேயும், இத்தோடு நிறுத்துவோம் என்று ஊசியைப் பூட்டிக் கொடுத்துவிட்டார்.

பவித்ரா காட்டிய கருவியை அந்தத் தகட்டில் வைத்தால் தங்கம் இருக்கிறதா என்று உடனே சொல்லிவிடும். அவள் காட்டிய பிறகு மெலனியிடம் கேட்டுப் பார்த்தேன். “தெரிஞ்சு என்ன செய்யிறது அன்ரி?” என்றாள். எனக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை, விட்டுவிட்டேன்.

கலியாணத்துக்கு முந்திய வியாழன் பின்னேரம் பெரித் லோறென்ஸ்கூக் வீட்டுக்குத் தேநீருக்கு வந்தார். சின்ன உருவம், வெள்ளை முடி, நிதானமான ஆள். யசிந்தா அக்காவுக்கு வேலைக்குப் போதுமான நொஸ்க் உண்டு. ஆனால் இதை நொஸ்க்கில் சொன்னால் தான் சொல்ல நினைக்கிறது வராது, நீதான் மொழிபெயர்க்கவேண்டும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போயிருந்தார். மேசையில் ரோல்ஸ், கேக், தேநீர், நடுவில் லேஞ்சிக்குள் புரோச். மெலனி சமையலறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“சொல்லு பிலோ. எங்கடை ஊரிலை கலியாணத்துக்கு முதல் நகையெல்லாம் கழுவுறது வழக்கம் எண்டு சொல்லு. அவ தந்தது எனக்குப் பெரிய மரியாதை எண்டு சொல்லு. அதை வடிவாக்கிக் குடுக்க வேணும் எண்டுதான் செய்தனான், வேணுமெண்டு செய்யேல்லை. எனக்கு அந்தக் கறுப்பு விளங்கேல்லை. அதுதான் உண்மை. விளங்கேல்லை எண்டு சொல்லு.”

பட்டறையில் உடைமைக்காரருக்குச் சொல்வது போல் உள்ளபடி சொன்னேன். புளி, உப்பு, பிரஷ், பிறகு நாங்கள் கொதிக்கவைத்தது, வந்த நிறம். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பெரித் லேஞ்சியைத் திறந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து யன்னலுக்குப் போனார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு புரோச்சை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

“இரவு போய்விட்டதே,” என்றார், மிக மெதுவாக.

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. அவர் என்னிடம் சொன்னாரா, தனக்குச் சொன்னாரா என்று எனக்கு நிச்சயமில்லை.

“என்னவாம்? என்னவாம் பிலோ?” என்று அக்கா பின்னால் இருந்து கேட்டார்.

பெரித் திரும்பி வந்தார். அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அக்காவைப் பார்த்தபடியே பேசினார். தனக்கு இதைத் தந்த வருடமே தானும் இதைக் கழுவிவிட்டாராம். வெள்ளி கழுவும் திரவத்துக்குள் முழுக்கப் போட்டு எடுத்தாராம். கறுப்பு முழுவதும் போய்விட்டதாம். மாமியாருக்குப் பயந்து ஒரு பொற்கொல்லரிடம் கொடுத்துக் கறுப்பாக்கி எடுத்தாராம். ஆகையால் யசிந்தா கழுவியது பழைய கறுப்பை அல்லவாம், அது பொற்கொல்லர் போட்ட கறுப்பாம். சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார், நீ சொல் என்பது போல.

முழுக்கத் திரவத்தில் போட்டிருந்தால் அது எல்லா இடுக்குக்குள்ளும் போயிருக்கும். நான் கண்ணால் பார்த்தேன், ஒரே கறுப்பு, அறாத கறுப்பு, அடியில் எதுவுமில்லை. இங்கெரும் பார்த்தார். அல்லது நாங்கள் இருவரும் பிழையாகப் பார்த்தோமா? அந்தப் பொற்கொல்லர் அவ்வளவு கெட்டிக்காரரா? பொய் என்றால் உடைமைக்காரரே தன் பொருளைப்பற்றிப் பொய் சொல்கிறார். அதற்குப் பட்டறையில் சட்டம் கிடையாது. என் வேலைக்காலம் முழுவதும் உடைந்ததை உடைந்தது என்று சொல்லித்தான் சம்பளம் வாங்கினேன். இப்போது என் வாயாலேயே, என் மொழியிலேயே இதைச் சொல்லவேண்டும். எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. அக்காவின் கண்கள் என் முகத்திலேயே நின்றன.

“அவவும் கழுவினவவாம் அக்கா,” என்றேன். “உங்களை மாதிரித்தானாம். கறுப்பெல்லாம் போயிட்டுதாம். மாமிக்குப் பயந்து தட்டானிட்டைக் குடுத்துத் திருப்பிக் கறுப்பாக்கினவவாம்.”

“உண்மையோ?” என்றார் அக்கா.

“அப்பிடித்தான் சொல்லுறா.”

யசிந்தா அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அழுகையாகி, மறுபடி சிரிப்பாகிற்று. “அங்கையும் மாமியாருக்குப் பயம் இருக்குதோ!” என்றார். பெரித்துக்கு அது விளங்கவில்லை, ஆனால் அவரும் சேர்ந்து சிரித்தார். மெலனி கையை அவிழ்த்துவிட்டு வந்து இரண்டு தாய்மாருக்கும் நடுவில் நெருக்கி உட்கார்ந்தாள். அதற்குப் பிறகுதான் ரோல்ஸில் கை வைத்தார்கள். கலியாணச் சீலைக்குக் கத்தரிக்காய் நிறம் நன்றாகப் பொருந்தும் என்று பெரித்தே சொன்னார்.

அவர் வெளிக்கிட்டபோது நான் வாசல்வரை போனேன். குந்தியிருந்து சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன்.

“எந்தப் பொற்கொல்லர் கறுப்பாக்கியது?”

கயிற்றில் இருந்த கை நின்றது. “நீங்கள் அதைக் கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்த்தீர்கள்தானே?”

“பார்த்தேன்.”

மற்றச் சப்பாத்தையும் கட்டி முடித்து எழுந்தார். கண்கள் நனைந்திருந்தன. அது புரோச்சுக்கா, யசிந்தா அக்காவுக்கா, எனக்குச் சொல்லத் தெரியாது.

“அப்படியென்றால் நீங்கள் மிக நன்றாக மொழிபெயர்த்தீர்கள்,” என்று சொல்லி என் தோளைத் தொட்டுவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

உள்ளே வந்தேன். யசிந்தா அக்கா கோப்பைகளை எடுத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

“வாசல்லை நிண்டு என்ன கதைச்சனீங்கள்?”

“ஒண்டுமில்லை அக்கா,” என்றேன். “சப்பாத்துக் கயிறு இறுகிப்போச்சாம்.”